பராக்கும் செபமும்: திருப்பலியில் மனம் நிற்காதபோது

இரவுப் பணிக்குச் செல்லும் இளம்பெண் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஞாயிறு திருப்பலியில் (கத்தோலிக்க ஆலய வழிபாட்டில்) விவிலியத்தின் முதல் வாசகம் முடிவதற்குள் அவருடைய மனம் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. சுயநினைவு வந்து பார்க்கும்போது எல்லாரும் முழந்தாளில் இருக்கிறார்கள். வீட்டில் செபமாலையை எடுத்தால் மூன்றாம் பத்துமணிக்குள் (மூன்றாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள்) தூக்கம் வருகிறது, தூக்கம் வராவிட்டால் கைப்பேசியின் நினைவு வருகிறது. இப்படிச் சொல்லும் செபம் செபமாகுமா, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) சொல்ல வேண்டுமா, மனம் ஒன்றாத நாளில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா, மனத்தை நிறுத்த வழி என்ன என்று நான்கு கேள்விகள் கேட்கிறார்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் செபம் செபம்தான். நீங்கள் அழைக்காமல் வந்த நினைவு பாவமாகாது. நன்மை வாங்கலாம். மனத்தை நிறுத்தும் வழி என்று ஒன்றை என்னால் தர இயலாது. அலைந்த மனம் திரும்பி வருவதற்கான வழிகள் சிலவற்றைத் தர இயலும். திருவழிபாடே அப்படித் திரும்பி வருவதற்கான படிகளை இடையிடையே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நாம்தான் அவற்றில் கால் வைக்காமலே கடந்துவிடுகிறோம். நான் குருவானவர் அல்லன், பல ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுத்துவரும் பொதுநிலையினன். உங்கள் மனச்சான்றைப் பற்றிய தீர்ப்பை உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான போதனையை மட்டும் நான் எழுதுகிறேன்.

நம் பழைய செபப் புத்தகங்கள் இந்த அலைச்சலைப் ‘பராக்கு’ என்று அழைத்தன. அரசவைக் கட்டியக்காரன் ‘பராக், பராக்’ என்று கூவியது எல்லாருடைய கவனத்தையும் கேட்டு. நாம் பராக்குப் பார்ப்பதோ கவனத்தைத் தொலைத்து. ஒரே ஒலி இரண்டு பக்கமும் நிற்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. பராக்கில் தானாக வருவதும் உண்டு, நாமாக அழைத்து உட்கார வைப்பதும் உண்டு. மறையுரையின்போது (குருவின் விளக்கவுரையின்போது) நாளைய சமையல் நினைவுக்கு வருவது முதல் வகை. கைப்பேசியை எடுத்து, குழுவில் வந்திருக்கும் செய்திக்குப் பதில் எழுதுவது இரண்டாம் வகை. பாவம் என்ற பேச்சு இரண்டாவதைப் பற்றியது மட்டுமே.

இதை மிகத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் 13ஆம் நூற்றாண்டின் தோமினிக்கன் சபைத் துறவி புனித தாமஸ் அக்குவினாஸ். செபத்துக்குக் கவனம் கட்டாயம் வேண்டுமா என்ற கேள்வியைத் தம்முடைய இறையியல் தொகுப்பில் எடுத்துக்கொண்டு, செபத்தால் விளையும் பயன் மூன்று என்கிறார். கடவுள்முன் பேறு பெறுவது ஒன்று, கேட்டதைப் பெறுவது மற்றொன்று, செபிக்கும் அந்த நேரத்திலேயே உள்ளம் ஊட்டம் பெறுவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நாம் செபிக்கத் தொடங்கியபோது இருந்த நோக்கமே போதும். நடுவில் மனம் தன்னை அறியாமல் விலகினாலும் அந்த நோக்கத்தின் வலிமை செபம் முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. மூன்றாவதற்குத்தான் நிகழ்நேரக் கவனம் வேண்டும். உங்கள் மனத்தாங்கலுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பராக்கால் நீங்கள் இழந்தது மூன்றாவதை, அதாவது இனிமையை. அது கிடைக்காததால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எண்ணிவிட்டீர்கள்.

அதே இடத்தில் அவர் கவனத்தையும் மூன்றாகப் பிரிக்கிறார்: சொற்களைப் பிழையின்றிச் சொல்வதில் கவனம், சொற்களின் பொருளில் கவனம், செபத்தின் இலக்காகிய கடவுள்மீதும் நாம் கேட்கும் காரியத்தின்மீதும் கவனம். மூன்றாவதே மிகவும் தேவையானது, எழுத்தறியாதவராலும் அது முடியும் என்பது அவர் கருத்து. சிற்றாலயத்தின் பின்வரிசையில், செபமாலையை உருட்டிக்கொண்டு, வாசகத்தில் பாதி புரியாமல், ‘ஆண்டவரே, என் பேரனைப் பாரும்’ என்ற ஒரே எண்ணத்தோடு அமர்ந்திருக்கும் பாட்டிக்குக் கவனமில்லை என்று சொல்ல இனி உங்களுக்கு நா எழாது.

ஆகவே பாவசங்கீர்த்தனத்தைப் பொறுத்தவரை, வேண்டுமென்றே பராக்குக்கு இடம் கொடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். தானாக வந்து, உணர்ந்ததும் விலக்கிய நினைவுகளை எண்ணிக் கணக்குக் கொண்டுபோக வேண்டாம். ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்ற கடனை நிறைவேற்றினேனா என்ற ஐயமும் வேண்டாம். வழிபடும் எண்ணத்தோடு வந்து, இருந்து, பங்கேற்றவர் நிறைவேற்றியவரே. ஒரே திருப்பலிக்கு மூன்று முறை மனம் நொந்துகொள்பவர்களையும், செபத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அருள்நிறைந்த மந்திரத்தில் (அன்னை மரியாவிடம் சொல்லும் செபத்தில்) பராக்கு வந்துவிட்டது என்று மீண்டும் சொல்லத் தொடங்கினால் அந்த இரவு முடியாது. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், பின்னோக்கிப் போகாதீர்கள்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2729ஆம் எண்ணில் பராக்கைப் பற்றிப் பேசும்போது, அதை வேட்டையாடப் புறப்படுவது அதன் வலையிலேயே விழுவதாகும் என்கிறது; இதயத்துக்குத் திரும்பி வருவதே போதும் என்கிறது; பராக்கு நம் உள்ளம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ‘கடன் தவணையை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் கடன் தவணையை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே நினைவு வாரந்தோறும் வந்தால் அதை விரட்டுவதை விட்டுவிட்டு, அதையே செபத்தின் பொருளாக்கிக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் உங்களைத் துன்புறுத்தும் மேலாளரின் முகம் திருப்பலியில் வந்து நின்றால், அவரை அங்கிருந்து வெளியே தள்ளுவதற்குப் பதிலாக அவருக்காக ஒரு வரி சொல்லிவிட்டுப் பீடத்தைப் பாருங்கள்.

இனித் திருப்பலிக்கு வருகிறேன். இங்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில், மக்களில் பலர் அந்த நேரத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள், எழுந்தேற்ற மணி (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது ஒலிக்கும் மணி) அடித்ததும் தலைநிமிர்வார்கள். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் அந்நியரைப் போலவோ வாய்பேசாப் பார்வையாளரைப் போலவோ இருந்துவிடாமல் உணர்ந்து, முழுமையாக, செயல்முறையில் பங்கேற்க வேண்டும் என்று கேட்டது. மொழி தமிழாயிற்று. புரியாத மொழி என்ற தடை நீங்கியதும் வேறொரு தடை வந்தது. சொற்கள் நன்றாகப் புரிகின்றன, பழகியும் போய்விட்டன; பழகிய சொல்லுக்கு வாய் போதும், மனம் தேவையில்லை. பதிலுரைகளை உறக்கத்தில்கூட நம்மால் சொல்ல முடியும். ஆகவே இன்றைய பராக்குக்கு மருந்து, பழகிய சொல்லில் பழகாத ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான்.

‘மன்றாடுவோமாக’ என்பதிலிருந்து தொடங்குங்கள். தொடக்கத்தில் குரு இப்படிச் சொன்னதும் ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது திருப்பலி நூலின் ஒழுங்கு. கடவுளின் முன்னிலையில் நிற்பதை உணரவும், அவரவர் விண்ணப்பத்தை உள்ளத்தில் எண்ணிக்கொள்ளவும் அந்த மௌனம் தரப்படுகிறது. அதற்குப் பிறகு குரு சொல்லும் மன்றாட்டு, கூடியிருக்கும் எல்லாருடைய விண்ணப்பங்களையும் ஒன்றாகத் திரட்டித் தந்தையிடம் கொண்டுசெல்கிறது. சில ஆலயங்களில் இந்த இடைவெளி மூச்சு விடும் நேரம்கூட நீடிப்பதில்லை என்பதை அறிவேன். ஆனாலும் வீட்டிலிருந்து வரும் வழியிலேயே ‘இன்றைக்கு என் விண்ணப்பம் இது’ என்று ஒன்றை முடிவு செய்துகொண்டு வந்தால், அந்த இரண்டு நொடிக்குள் அதை அங்கே வைத்துவிடலாம். அக்குவினாஸ் சொன்ன தொடக்க நோக்கம் என்பது நடைமுறையில் இதுதான். வெறுங்கையோடு வருபவரின் மனம் அலைவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

அடுத்து வாசகங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தில் தொடங்கி வருகின்றன என்பது பலருக்குத் தெரியும். சிறப்புக் காலங்களைச் சேராத பொதுக்காலத்தில் முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்கு இணையாகத் தெரிந்தெடுக்கப்படுகிறது என்பதைச் சிலரே கவனித்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 17ஆம் ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசகத்தில், அழியவிருந்த சோதோம் நகருக்காக ஆபிரகாம் ஆண்டவரிடம் சந்தையில் பேரம் பேசுவதைப் போலவே பேசுகிறார்: ஐம்பது நீதிமான்கள் இருந்தால், நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து. நற்செய்தியில், நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்பவனைப் பற்றி இயேசு சொல்கிறார். சனிக்கிழமை இரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு, ‘இவை இரண்டையும் ஏன் பக்கத்தில் வைத்தார்கள்?’ என்ற ஒரே கேள்வியோடு ஞாயிறன்று அமருங்கள். கேள்வி உள்ள காது சும்மா இருக்காது. மேலாகக் கேட்டுவிட்டுப் போவதற்கும் தேடிக்கொண்டு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாதத்தில் உணர்வீர்கள். முந்தைய ஞாயிறான 16ஆம் ஞாயிறின் நற்செய்தி உங்கள் பிரச்சினையையே பேசுகிறது: இயேசுவை வீட்டில் வரவேற்ற மார்த்தா பல பணிகளில் பரபரப்பாக இருந்த நிகழ்ச்சி. லூக்கா அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு ‘சுற்றிலும் இழுக்கப்படுதல்’ என்பது பொருள். மார்த்தா ஆண்டவருக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்படி இழுபட்டாள் என்பதைப் பாடகர் குழுவினரும் பீடத்தை அலங்கரிப்பவர்களும் ஒலிபெருக்கியைக் கவனிப்பவர்களும் சேர்த்து வாசிக்கலாம்.

மறையுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்டாலும், சுற்றி வந்தாலும், எடுத்துச் செல்ல ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும். அது கிடைக்காத நாளில் நற்செய்தியின் ஒரு வரியை மனத்தில் திருப்பிக்கொண்டிருங்கள்.

காணிக்கை நேரம் பராக்கின் திருவிழா என்றே சொல்லலாம். பாடல் ஒலிக்கிறது, காணிக்கைப் பை வருகிறது, கைப்பையைத் திறக்கிறோம், குழந்தைகள் அசைகின்றன. அதே நேரத்தில் பீடத்தில் நடக்கும் ஒரு சிறு செயலை ஏறக்குறைய யாருமே பார்ப்பதில்லை. குரு, அல்லது திருத்தொண்டர், கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றிய பின் அதில் சிறிது தண்ணீரைச் சேர்க்கிறார். இரசம் கிறிஸ்துவின் இரத்தம், தண்ணீர் மக்கள் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகர ஆயர் புனித சிப்ரியான் தம் மடல் ஒன்றில் விளக்கியிருக்கிறார். கலந்த பின் அந்தத் தண்ணீரை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு அந்தத் துளிக்காகக் காத்திருந்து பாருங்கள். அதுவரை உங்களை அலைக்கழித்த அலுவலகமும் தவணையும் அம்மாவின் மூட்டுவலியும் அந்தத் துளியோடு கிண்ணத்துக்குள் போகட்டும். பராக்கை வெளியே எறிவதைவிட இது எளிது; எனக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுப்பதும் இதுதான்.

அதற்குச் சற்றுப் பின் வருகிறது ‘இதயங்களை மேலே எழுப்புங்கள்’ என்ற அழைப்பு. இதையும் சிப்ரியான் விளக்கியிருக்கிறார். செபத்துக்கு முன் குரு இப்படிச் சொல்லி உடன்பிறப்புகளின் மனத்தை ஆயத்தம் செய்வதும், ‘ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்’ என்று மக்கள் பதில் சொல்வதும், அந்த நேரத்தில் ஆண்டவரைத் தவிர வேறெதையும் நினைக்கலாகாது என்பதற்கான நினைவூட்டல் என்கிறார். உன் செபத்தை நீயே கேட்காதபோது கடவுள் கேட்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறாய் என்ற கருத்தில் அவர் கடிந்தும் கொள்கிறார். 258இல் மறைச்சாட்சியாக இறந்த ஆயரின் மக்களுக்கும் பராக்கு இருந்திருக்கிறது. நமக்கு அது கைப்பேசியோடு வந்த நோய் என்று நினைப்பது சரியன்று. ‘எழுப்பியுள்ளோம்’ என்று வாய் சொல்லும்போது எழுப்பாமல்தான் இருந்தோம் என்று நினைவுக்கு வந்தால், அந்த நினைவே எழுப்புதல்.

நற்கருணை மன்றாட்டில் குரு மட்டுமே நெடுநேரம் பேசுகிறார், நாம் கேட்கிறோம். கவனம் நழுவ இதுவே எளிதான இடம், அதுவே திருப்பலியின் உச்சமும்கூட. இங்கே உதவக்கூடிய ஒரு குறிப்பு: மன்றாட்டு முழுவதும் தந்தையை நோக்கியே சொல்லப்படுகிறது. குருவின் சொற்களில் ‘நீர்’, ‘உம்’ என்று வரும் இடமெல்லாம் தந்தையையே குறிக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து சென்றாலே பாதிப் பராக்கு குறையும். காணிக்கைகளின்மேல் குரு கைகளை விரித்து நீட்டும்போது தூய ஆவியாரை அழைக்கிறார் என்பதையும், பின்னர் திருத்தந்தை, ஆயர், இறந்தோர் என்று வரும் வரிசையில் உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ‘இவர் வழியாக, இவரோடு, இவரில்’ என்று முடியும் இடத்தில் நாம் சொல்லும் ‘ஆமென்’, அதுவரை குரு சொன்ன அனைத்துக்கும் நாம் இடும் கையொப்பம். உரோமைப் பேராலயங்களில் ‘ஆமென்’ இடிமுழக்கம்போல் ஒலித்ததாக 4ஆம் நூற்றாண்டின் புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். நம் ஆலயங்களில் அது பெரும்பாலும் பெருமூச்சாக ஒலிக்கிறது. நீங்களாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

உடலையும் பயன்படுத்துங்கள். நற்செய்திக்கு முன் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் இடும் மூன்று சிலுவைகளை ஈ ஓட்டுவதுபோல் இடாமல், விரல் படும்படி இட்டுப் பாருங்கள். விசுவாச அறிக்கையில் கிறிஸ்து மனிதரான செய்தி வரும் வரியில் தலைவணங்குவதும் ஒழுங்கில் உள்ளதே; கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மங்களவார்த்தைத் திருநாளிலும் (வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன திருநாள்) அங்கே முழந்தாளிடுகிறோம். மனம் உடலைவிட்டு ஓடும்; உடல் வணங்கினால் பல நேரம் மனமும் பின்னால் வந்துசேரும். கைப்பேசியில் வாசகங்களைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவிட்டு அச்சிட்ட தாளுக்கு மாறுங்கள். முன்வரிசைக்கு வாருங்கள் என்ற பழைய அறிவுரையையும் தள்ளிவிடாதீர்கள். வாசலருகே உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தவருக்குத் தெருவும் சேர்ந்தே திருப்பலி காண்கிறது.

பிறர் எழுப்பும் ஒலிக்கு என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. பிரான்சின் லிசியே நகரக் கார்மல் மடத்தில் வாழ்ந்த குழந்தை தெரேசாவுக்கு (1873–1897) பின்னால் அமர்ந்திருந்த ஒரு சகோதரி, மாலைத் தியானத்தின்போது, இரண்டு சிப்பிகளை உரசுவதுபோன்ற ஒலியை எழுப்பிக்கொண்டே இருந்தாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். ஆனால் அவர் திரும்பவில்லை. கேட்காமல் இருக்க முயன்று முயன்று வியர்த்துப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் அந்த ஒலியை ஓர் இசைக் கச்சேரிபோலக் கூர்ந்து கேட்டு, அதையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தாராம். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் பக்கத்தில் அமர்ந்தால் இந்தச் சிப்பிகளை நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தாய்மாருக்கு நான் சொல்வது வேறு: எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள், எழுந்தேற்றத்தின்போது மட்டும் பீடத்தைப் பாருங்கள், மற்ற நேரத்தில் குழந்தையைக் கவனிப்பதே உங்கள் பணி.

செபமாலைக்கு வருகிறேன். செபமாலை சொல்வது உடலை வருத்தும் ஒறுத்தல் கருவியை அணிவதைவிடக் கடினமாக இருந்தது என்று சொன்னதும் இதே குழந்தை தெரேசாதான். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராக (போதனையில் சிறந்த புனிதராக) அறிவிக்கப்பட்டவர் அவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செபத்தில் வாயும் விரலும் ஒரு வேலையைச் செய்யும்போது மனம் ஒரு மறையுண்மையை (தேவ இரகசியம் என்றும் சொல்வோம்), அதாவது இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை, காண வேண்டும். தியானம் இல்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதினார். செபமாலையில் ‘ஒளியின் மறையுண்மைகள்’ என்ற புதிய வரிசையைச் சேர்த்த 2002ஆம் ஆண்டு மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மறையுண்மையை அறிவித்த பின் சற்று மௌனமாக இருக்கவும், அதற்குரிய இறைவார்த்தையை வாசிக்கவும் பரிந்துரைத்தார். நாமோ ‘இரண்டாம் தேவ இரகசியம்’ என்று சொல்லிவிட்டு மூச்சுகூட வாங்குவதில்லை. ஒரு மறையுண்மைக்கு ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள்: எலிசபெத்தின் வாசற்படி, கானாவூரின் ஆறு கற்சாடிகள், சீமோனின் தோளில் சிலுவை. ஐம்பத்து மூன்று மணியும் ஒரே மூச்சில் முடியாவிட்டால், காலையில் இரண்டு பத்துமணி, பேருந்தில் இரண்டு, இரவில் ஒன்று என்று பிரித்துச் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. படுக்கையில் சாய்ந்துகொண்டு தொடங்கினால் தூக்கம்தான் வரும். அதற்குச் செபத்தைக் குறை சொல்ல முடியாது.

நீளமான செபம் நிற்கவில்லை என்றால் குறுஞ்செபத்துக்குப் போங்கள். ‘மனவல்லயச் செபம்’ என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்தார்கள். வல்லயம் என்றால் ஈட்டி என்பதை மாடசாமி கோயில்களைப் பார்த்து வளர்ந்த தென்மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 412இல் புரோபா என்ற உரோமைக் கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தினார், எகிப்தின் துறவியர் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, எறிந்தாற்போல் செபிப்பதைக் குறிப்பிட்டு, நீண்ட நேரத்தில் மழுங்கிவிடும் கவனம் மழுங்காமல் இருக்கவே அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று விளக்குகிறார். அவர் பயன்படுத்திய ‘எறிதல்’ என்ற இலத்தீன் உருவகத்தைத் தமிழாக்கியவர் யாராயினும், கையில் வல்லயத்தைக் கொடுத்துவிட்டார். ‘இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்’ என்பதற்கு மூன்று நொடிதான் ஆகும். மூன்று நொடிக்குள் பராக்கு நுழைய நேரமில்லை. கணினி திறக்கும் இடைவெளியிலும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இதைச் சொல்லிப் பழகியவருக்கு, ஞாயிறன்று மனத்தைத் திருப்புவது புதிய வேலையாக இருக்காது.

தனிச் செபத்தில் உட்காருபவர்களுக்கு இரண்டு பேரின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவிலா தெரேசா (1515–1582), செப வாழ்வின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் பெண்மணி, பல ஆண்டுகள் செப நேரத்தில் நல்ல எண்ணங்களைவிட, மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் தம் கவனம் இருந்தது என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். நன்மை வாங்கிய பின்னர் தவிர, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரத் துணியவில்லை என்கிறார். பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்து வைத்தாலே போதுமாக இருந்ததாம். பின்னர் 1577இல் எழுதிய நூலில், தலைக்குள் ஆறுகள் இரைவதுபோன்ற ஒலி இருப்பதைச் சொல்லிவிட்டு, அரைவை ஆலையின் கடகட ஒலி கேட்கிறது என்பதற்காக மாவு அரைப்பதை நிறுத்த வேண்டாம் என்கிறார். கற்பனை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கட்டும், மனவிருப்பம் கடவுளிடம் இருந்தால் ஆலை வேலை செய்கிறது என்பது அதன் பொருள்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் மூச்சோடு செபிக்கும் முறை ஒன்று உண்டு. பரலோக மந்திரத்தில், அதாவது விண்ணகத் தந்தையை நோக்கிய செபத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு சொல் மட்டும்: ‘விண்ணுலகில்’, ஒரு மூச்சு, ‘இருக்கிற’, ஒரு மூச்சு, ‘எங்கள்’, ஒரு மூச்சு. ‘எங்கள்’ என்ற சொல்லில் ஒரு மூச்சளவு நின்று பார்த்தால்தான், அது எவ்வளவு பேரை உள்ளடக்குகிறது என்று தெரிகிறது. செபத்தில் சுவையே தோன்றாத வறட்சியான நாளில், முடிக்க நினைத்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டு எழுங்கள் என்றும் அவர் சொல்கிறார். ஒரு மணி நேரம் வகுத்துக்கொண்டவர் அதற்கு மேலும் சில நிமிடங்கள். நாம் செய்வது அதற்கு நேர் எதிரானது: ஒன்றவில்லை என்றால் சீக்கிரம் எழுந்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொள்வது என் சொந்த வழக்கம். ‘எரிவாயு உருளை பதிவு’ என்று குறித்துவிட்டால் அந்த நினைவு மறுபடி கதவைத் தட்டுவதில்லை. மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில்தான் அது தட்டிக்கொண்டிருந்தது. இது வீட்டுச் செபத்துக்கு மட்டுமே, ஆலயத்துக்குத் தாள் வேண்டாம்.

வீட்டில் இறப்பு நேர்ந்திருந்தாலோ, மனச்சோர்வு நோயாகவே மாறியிருந்தாலோ, மேற்சொன்னவற்றில் எதுவும் சில மாதங்களுக்குப் பலிக்காமல் போகலாம். அப்போது முயற்சியைக் கூட்டாதீர்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள், உங்களுக்காகப் பிறரைச் செபிக்கச் சொல்லுங்கள். எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியார் சொல்வதற்கரிய பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்துபேசுகிறார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8ஆம் அதிகாரம் சொல்வது இத்தகைய நாள்களுக்கும் பொருந்தும்.

நன்மை வாங்குவது பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சாவான (கனமான) பாவத்தில் இல்லாமல், நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர உண்ணா நோன்பைக் காத்திருந்தால், மனம் ஒன்றவில்லை என்ற காரணத்துக்காக விலகி நிற்க வேண்டாம். வாங்கிய பின் வரும் மௌனத்தில் எதுவும் தோன்றாவிட்டால், குழந்தை தெரேசா வறட்சி நாள்களில் செய்ததைச் செய்யுங்கள்: ஒரே ஒரு பரலோக மந்திரம், ஒரே ஒரு அருள்நிறைந்த மந்திரம், மிக மெதுவாக. அறிவிப்புகள் தொடங்கிவிட்டால் பாதியில் நிற்கட்டும், மீதியைப் படிக்கட்டில் சொல்லி முடிக்கலாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. சனி இரவு முழுவதும் கணினி முன் விழித்திருந்துவிட்டு ஞாயிறு காலை ஆறு மணித் திருப்பலியில் உங்களுக்குக் கவனம் நிற்கவில்லை என்றால், அதைப் பராக்கு என்றே சொல்ல மாட்டேன். உறக்கம் கேட்கும் உடல் அது. திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் விதிப்படி, ஞாயிறுக்கு முந்தைய நாள் மாலையில் பங்கேற்கும் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றுகிறது. உங்கள் பங்கிலோ பணியிடத்துக்குப் போகும் வழியில் உள்ள ஆலயத்திலோ சனி மாலைத் திருப்பலி எத்தனை மணிக்கு என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். அது எங்கும் அமையாவிட்டால், ஞாயிறு காலை வீடு திரும்பி உறங்கி எழுந்துவிட்டு மாலைத் திருப்பலிக்குப் போங்கள்.